சோதனைக்குப் பின் வரும் வயிற்றுவலி



நான் மருத்துவன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆயினும் நம் வயதுடையோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விழைகிறேன்.

சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்துகொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறோம். இரத்தம் தென்பட்டால் அடுத்த படி கொலோனோஸ்கோப்பி. வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். 'பாலிப்' எனும் சதைமுளை இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். நாளை புற்றுநோயாக மாறக்கூடிய முளை, வயிற்றைக் கிழிக்காமலே நீங்கிவிடுகிறது.

"குடலில் ஓட்டை விழுமாமே!" என்று அஞ்சிச் சிலர் போக மறுக்கிறார்கள். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. குடற்சுவர் சில மில்லிமீட்டர் கனமே உடையது. வளைவில் குழாய் அழுத்துவதாலோ, உள்ளே செலுத்தும் காற்றாலோ, முளையை அகற்றும் மின்சூட்டாலோ துளை விழலாம். ஆனால் இது ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாகவே நேர்கிறது. பெரிய முளையை அகற்றும்போது சற்றுக் கூடும்.

ஆகவே அஞ்சச் சொல்லவில்லை, அறிந்திருக்கச் சொல்கிறேன். சோதனைக்குப் பின் வயிறு உப்பியிருப்பது இயல்பு. காற்றுப் பிரிந்ததும் குறையும். குறையாமல் வலி ஏறிக்கொண்டே போனால், வயிறு பலகைபோல் விறைத்தால், காய்ச்சலோ வாந்தியோ கண்டால், அதை வாயு என்று எண்ணிவிடாதீர்கள். வீடு திரும்பி ஓரிரு நாள் கழித்தும் இவை தோன்றலாம்.

அப்போது நாம் என்ன செய்வோம்? ஓம வாட்டர் கொடுப்போம், தைலம் தேய்ப்போம். "பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை, விடியட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொள்வோம். அந்த ஓர் இரவில்தான் ஆபத்து. மலக் கிருமிகள் துளைவழியே வயிற்றறைக்குள் பரவிவிடும். விரைவில் கண்டறிந்தால் சிலருக்குக் கிளிப் போட்டோ, பட்டினியும் மருந்துமாகவோ சரிசெய்துவிடலாம். தாமதித்தால் பெரிய அறுவைச் சிகிச்சை, உயிருக்கும் ஆபத்து.

எனவே சோதனை நாளில் தனியாக இருக்காதீர்கள். மருத்துவமனை தந்த தாளைத் தொலைபேசி அருகில் வையுங்கள். வலி மிகுந்தால் எதுவும் உண்ணாமல், பருகாமல், நள்ளிரவானாலும் 995ஐ அழையுங்கள். எப்போது கொலோனோஸ்கோப்பி செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் ஒரு நாள் தூக்கத்தைவிட உங்கள் உயிர் பெரிது. அவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்.