இல்லினாய் மாநிலத்தின் விசித்திரப் பிராணி

மாநிலப் பறவை, மாநில மரம் போல, அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு அதிகாரபூர்வப் புதைபடிவமும் உண்டு. இல்லினாய் 1989-இல் தேர்ந்தெடுத்தது, 'டல்லி மான்ஸ்டர்'.

முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய பிராணி. பெயர்தான் மான்ஸ்டர், நீளம் ஏறத்தாழ ஒரு அடிதான்! உடலுக்குக் குறுக்கே ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் கண்கள். முன்னால் நீண்ட தும்பிக்கை, நுனியில் பல் வைத்த கிடுக்கி.

1950-களில் இதைக் கண்டெடுத்த பிரான்சிஸ் டல்லி விஞ்ஞானி அல்ல. ஆர்வத்தால் புதைபடிவம் தேடியவர். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் காட்டினார். அங்கிருந்த நிபுணர்களே திகைத்தார்கள். முதுகெலும்புள்ள பிராணியா, இல்லாததா? 2016-இல் 'உண்டு' என்றது ஓர் ஆய்வு. 2023-இல் 'இல்லை' என்றது இன்னொன்று. தீராத கேள்வியையே மாநிலச் சின்னமாக்கியது அருமையான தேர்வு. இல்லினாயைத் தவிர வேறெங்கும் இது இன்றுவரை கிடைக்கவில்லை.