ஊர்க்கோடிக் கால்வாய்



மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. சுங்கை பாக்காப் வட்டாரத்தில் வாழும் நாம், ஊர்ப் பெயரிலேயே ஆற்றைச் சுமந்துகொண்டிருக்கிறோம். ஆனால் அந்த ஆற்றங்கரைக்கு நாம் போய் எத்தனை நாளாயிற்று? லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பிள்ளைகள் குப்பை போடும் இடமாகத்தானே அறிவார்கள்?

இதற்கு ஒரு மாற்றுவழியை ஜார்ஜ்டவுனில் காணலாம். 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தைக் கடந்து, கொம்தார் கட்டடத்தருகே சென்றால் பிராங்கின் கால்வாய் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட அது, அன்றைய நகரின் தென் எல்லை. சீனர்கள் அவ்விடத்தை 'சியா போய்', அதாவது ஊர்க்கோடி, என்றார்கள். சரக்குப் படகுகள் வந்தன. கரையில் சந்தை வளர்ந்தது. பிற்காலத்தில் சரக்கெல்லாம் லாரியில் ஏறியதும் கால்வாய் சாக்கடையாயிற்று. 2004-இல் சந்தையும் இடம் மாறியது.

2015-இல் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே மண்ணைத் தோண்டினார்கள். கால்வாயின் பழைய கற்சுவர்கள் வெளிப்பட்டன. அவற்றை மூடிவிடாமல் பாதுகாத்து, நீரைச் சுத்தம் செய்து, புல்வெளியும் நடைபாதையும் அமைத்தார்கள். 2019-இல் அது தொல்லியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இத்தகைய வேலையை நிலத்தோற்றக் கலை என்பார்கள். பூச்செடி நடுவதோடு அது முடிவதில்லை. மக்கள் நீரருகே வந்து நிற்க வழி செய்வதே அதன் உயிர். கரையில் நின்று பழகியவர் அந்த நீரில் குப்பை வீச மாட்டார். பிறர் வீசினாலும் தடுப்பார்.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு செம்பனை வந்தது. பத்துக்காவானில் தோட்ட நிலம் தொழிற்பேட்டையாகிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டால் லயமும் போய்விடும். ஓடை அங்கேயே இருக்கும். நம் பாட்டன்மார் வாழ்ந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, அந்த நீர்தான் மிஞ்சும் அடையாளம்.

ஆகவே, முதலில் குப்பையையும் சமையல் எண்ணெயையும் ஓடையில் கொட்டுவதை நிறுத்துவோம். நீர் தெளிந்தபின் கரையில் புதரை வெட்டி ஒற்றையடிப் பாதை அமைப்போம். கரை சரியாதிருக்க வெட்டிவேர் நடுவோம். மழை வெள்ளத்தின்போது பிள்ளைகளை நெருங்கவிடக் கூடாது. பெரிய வேலைகளுக்குத் தோட்ட நிர்வாகத்தையும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவையும் கூட்டாகச் சென்று கேட்போம்.

ஓடைக்குப் பெயர் உண்டா என்று இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.