பசுமை வேறு, புல்வெளி வேறு

(பெங்களூருவில் அரசு அலுவலர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

கனிம வளம் நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆயின், கனிமத்தை எடுத்தபின் எஞ்சும் நிலம் எந்நிலையில் மக்களிடம் திரும்புகிறது என்ற வினாவிற்கு நெடுங்காலம் தெளிவான விடை இருந்ததில்லை. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு விடை அளித்தது. சுரங்கப் பணி முடிவுற்றதும் குத்தகைதாரர் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனத்திற்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் ஏற்ற நிலைக்கு அதனைக் கொணர வேண்டும். இதனை ஒரு நிபந்தனையாக மத்திய அரசு விதிக்க வேண்டும் என்பது அந்த ஆணையின் சாரம். ஆணை தெளிவானது. புல்வெளி மீண்டுவிட்டது என்று சான்றளிப்பது எவ்வாறு என்பதே நிர்வாகத்தின் முன்னுள்ள சிக்கல்.

குதிரைமுகம் தரும் பாடம்

கர்நாடகத்தில் இச்சிக்கலை விளக்குவதற்குக் குதிரைமுகம் மிகவும் பொருத்தமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பு அது. துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய ஆறுகள் இம்மலைத்தொடரில் தோன்றுகின்றன. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட குதிரைமுக இரும்புத்தாது நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. செறிவூட்டிய தாது குழம்பாகக் குழாய் வழியே மங்களூருக்குச் சென்றது. கழிவுச் சேறு லக்யா அணைக்குப் பின்னே தேங்கியது. உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பின்படி, 2005 இறுதியில் சுரங்கப் பணி நின்றது.

அங்கு இழக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி புல்வெளி. புல்வெளி என்பது மரமற்ற வெற்றிடம் அன்று. பல இனப் புற்களின் அடர்ந்த வேர்த்தொகுதி மண்ணைப் பிணைத்து, மழைநீரை உள்வாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு அளிக்கிறது. ஆனால் நில மீட்பு என்றாலே மரம் நடுதல் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. விரைவில் வளரும் அயல்நாட்டு அக்கேசியாவும் தைலமரமும் சில ஆண்டுகளில் பசுமை காட்டுவதால், கணக்கு முடிக்க அவை எளிய வழியாயின.

வானிலிருந்து அளத்தல்

பரந்த நிலத்தைக் கண்காணிக்கச் செயற்கைக்கோள் இன்றியமையாதது. பசுந்தழை சிவப்பொளியை உட்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரு அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீட்டெண் கிடைக்கும். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ரிசோர்ஸ்சாட் கோள்களும், 2015 முதல் இயங்கும் ஐரோப்பியச் சென்டினல்-2 கோள்களும் இதற்கான படங்களைத் தருகின்றன. 1972-இல் தொடங்கிய லேண்ட்சாட் தொகுப்பு, சுரங்கத்திற்கு முந்தைய நிலையைக்கூட ஓரளவு காட்டவல்லது.

எனினும் இக்குறியீட்டெண் பசுமையை அளக்கிறதேயன்றிப் புல்வெளியை அளப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையின்போது மலைமேல் மேகம் கவிந்திருப்பதால் தெளிவான படங்கள் அரிது. கோடையில் படம் கிடைக்கும். ஆனால் அப்போது இயற்கைப் புல் காய்ந்து பழுப்பேறியிருக்கும். அக்கேசியாவோ பசுமையாகவே நிற்கும். இந்நிலையில் எண்ணை மட்டும் நம்பும் அலுவலர், உண்மையான புல்வெளிக்குக் குறைந்த மதிப்பெண்ணும் அயல்மரத் தோப்பிற்கு உயர்ந்த மதிப்பெண்ணும் வழங்க நேரிடும்.

இக்குறையையே கருவியாக்கவும் இயலும். ஒரே நிலத்தின் மழைக்கால இறுதிப் படத்தையும் கோடைப் படத்தையும் அருகிலுள்ள சிதையாத புல்வெளியோடு ஒப்பிட வேண்டும். அப்புல்வெளி காயும்போது மீட்கப்பட்ட நிலமும் காய்ந்தால் அது நல்ல அறிகுறி. காயாமல் நின்றால், அங்கு வளர்ந்திருப்பது வேறொன்று என ஐயுற வேண்டும்.

தரையில் எண்ணுதல்

அந்த ஐயத்தைத் தரையில்தான் தீர்க்க முடியும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சட்டத்தை, முன்கூட்டியே தற்செயல் முறையில் தேர்ந்த இடங்களில் வைத்து, அதனுள் உள்ள இனங்கள், மூடிய பரப்பின் விழுக்காடு, வெற்று மண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். புற்கள் பூக்கும் பருவத்தில் செய்தால் இனங்களை அடையாளம் காண்பது எளிது. விதைத்த புல் தானே விதை ஈந்து அடுத்த தலைமுறையை முளைக்கச் செய்கிறதா என்பதும், உண்ணிச்செடி போன்றவை புகுந்துள்ளனவா என்பதும் தனியே பதியப்பட வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே இடங்களில், அதே பருவத்தில் அளந்தால்தான் போக்குத் தெரியும்.

ஒப்பீட்டு நிலம் அந்தந்த வட்டாரத்ததாக இருத்தல் முக்கியம். பெல்லாரி, சண்டூர் பகுதிகளில் 2011-இல் சுரங்கங்கள் நிறுத்தப்பட்டு, 2013-க்குப் பின் மீட்புத் திட்டங்களின் அடிப்படையிலேயே அனுமதி வழங்கப்பட்டது. அது மழை குறைந்த வறண்ட நிலம். குதிரைமுகத்தின் அளவுகோல் அங்குப் பொருந்தாது.

செலவும் பொறுப்பும்

சட்டத்தையும் நாடாவையும் கொண்டு எண்ணுவதற்கு ஆகும் செலவு சிறிது. பயிற்சி பெற்ற கண்களே தேவை. தாவரவியல் மாணவர்களையும், புல்லின் பெயரும் பருவமும் அறிந்த உள்ளூர் மேய்ப்பரையும் இப்பணியில் ஈடுபடுத்தலாம். தவறான சான்றிதழின் செலவோ பெரிது. சுரங்க மூடலுக்காகக் குத்தகைதாரர் அளித்த நிதி உறுதி ஒருமுறை விடுவிக்கப்பட்டால், பின்னர் சரியும் மண்ணையும் தூர்ந்த ஓடையையும் சீர்செய்யும் சுமை பொதுப் பணத்தின்மேல் விழும். தீவனம் இழக்கும் குடும்பங்களுக்கு ஈடு ஏதும் இராது.

ஆதலால், செயற்கைக்கோள் படத்தோடு பல ஆண்டுகளின் தரை அளவீடும் இணைந்தாலன்றி மீட்புச் சான்று வழங்கலாகாது. நீதிமன்றம் கேட்டது பசுமை நிறத்தை அன்று. கால்நடை மேயவும் உயிரினங்கள் வாழவும் தக்க நிலத்தை.