ஊருக்குப் போகும்போது வயிற்றைக் காப்போம்



தமிழ்நாட்டிலுள்ள உறவினரைப் பார்க்க ஒரு காலத்தில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினோம். இன்று கோலாலம்பூரில் விமானம் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். பல ஆண்டுகள் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துப் போகும் பயணம் அது. அதில் பாதி நாள் வயிற்றுப்போக்கோடு படுத்துக் கிடந்தால் எவ்வளவு வருத்தம்! கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

"அவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்?" என்று நாம் கேட்பதுண்டு. ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்பவரின் உடல் அவ்விடத்துக் கிருமிகள் சிலவற்றை எதிர்க்கப் பழகிவிடுகிறது. புதிதாகச் செல்லும் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே நாம் கவனமாக இருப்பது உறவினரைக் குறை சொல்வதாகாது.

அப்படியானால் எதைச் சாப்பிடலாம்? பானையிலிருந்து எடுத்த இட்லி, கல்லிலிருந்து வந்த தோசை, கொதிக்கும் சாம்பார், ஆவி பறக்கும் காப்பி ஆகியவற்றை ஆசை தீரச் சாப்பிடலாம். கொதி சூடு கிருமிகளைக் கொல்லும். காலையில் அரைத்து வைத்த தேங்காய்ச் சட்டினி, பச்சைத் தண்ணீர் கலந்த நீர்மோர், பேருந்து நிலையத்தில் நறுக்கி வைத்த பழம் ஆகியவை வேண்டாம். பனிக்கட்டியும் வேண்டாம், குளிரில் கிருமி சாவதில்லை. வாழைப்பழத்தை நாமே உரித்துச் சாப்பிடலாம். இளநீரைக் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லலாம். வாழையிலையைக் கழுவிய நீரை நன்றாக உதறிவிட வேண்டும்.

அத்தை அன்போடு மோர் நீட்டினால் என்ன செய்வது? "அத்தை, உங்கள் கையால் சூடாக ஒரு காப்பி கொடுங்கள்" என்று கேட்டால் அவர் மனமும் குளிரும், நம் வயிறும் தப்பும்.

குடிநீரைத் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்க வைத்து, மூடி ஆற வைக்க வேண்டும். கையால் உண்பவர்கள் நாம். சாப்பிடுமுன்னும் கழிவறை சென்று வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்தால், உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உடனே ஈடு செய்ய வேண்டும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து போட்டுக் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அளவு மிக முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. 1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் இத்தகைய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். இக்கரைசலுக்கான தூள் இன்று மருந்துக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. புறப்படும்போதே சில பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொள்வோம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், குழி விழுந்த கண், சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று கண்டாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உறவினரைக் கண்டு, வயிறார உண்டு, நலமோடு திரும்புவோமாக.