டிரேலரைப் பார்ப்பதும் எழுதிக் கொடுப்பதும்

(சுங்கை பினாங்கில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பால்மரம் வெட்டுகிறவர்கள் கூடியிருக்கும் இடத்தில் டிரேலர் லோரியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாம் வெட்டிய பால் எங்கே போகிறது என்று சற்று யோசித்துப் பாருங்கள். ஆலையில் அது 33⅓ கிலோ பொதியாகிறது. 36 பொதிகளை ஒரு கட்டாகக் கட்டினால் 1.2 டன். அப்படிப்பட்ட 16 கட்டுகளை ஒரு 20 அடிப் பெட்டியில் ஏற்றினால் ரப்பர் மட்டுமே 19 டன்னுக்கு மேல் வந்துவிடும். அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்குப் போவது டிரேலர். அதை ஓட்டுகிறவர் யார்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், பிறகு வீடமைப்புக்காக அழிக்கப்பட்ட காலத்திலும் லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

சுங்கை பினாங் வாசிகளுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1985-ல் பினாங்குப் பாலம் திறந்தது முதல் கனரக வண்டிகள் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் அந்த வண்டிகளுக்குப் பக்கத்தில்தான் போகிறார்கள். டிரேலரில் உள்ள ஒரு பழுது அதை ஓட்டுகிறவரோடு நிற்பதில்லை.

2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவுக்கு அருகே ஒரு லோரியிலிருந்து டயர் கழன்று சாலையில் கிடந்தது. அதன்மேல் மோதிய சுற்றுலா பஸ் நிலைதடுமாறி எதிர்த்தடத்தில் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். 33 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களுக்கும் அந்த லோரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

டிரைவர் தோழர்களே, சக்கரம் கழன்று போவதற்கு முன் பெரும்பாலும் ஓர் அடையாளம் காட்டும். தளர்ந்த நட்டைச் சுற்றி துருப்பொடி கோடாக வழிந்திருக்கும். நட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அச்சுக்குடத்தில் எண்ணெய் கசிந்திருக்கும். ஓடி நின்ற பிறகு ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும். புதிதாக டயர் மாற்றிய சக்கரத்தை ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்பது பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதைச் செய்ய நேரம் கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சக்கரத்தை அடுத்து மற்ற பாகங்கள். டிரேலருக்குச் சொந்த என்ஜின் இல்லை. பிரேக்குக்கு வேண்டிய காற்றும் விளக்குக்கு வேண்டிய மின்சாரமும் முன்வண்டியிலிருந்து குழாய் வழியாகவும் கம்பி வழியாகவும் வருகின்றன. என்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால், காற்றுக் கசிவு 'உஸ்' என்று தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். டிரேலரின் கிங் பின் முன்வண்டியின் தட்டில் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்பதைக் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டிரேலரின் பிரேக்கைப் போட்டுவிட்டு, முன்வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகள் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பூட்டு உடைந்திருந்தால் மற்ற மூன்று போதும் என்று எண்ணாதீர்கள். வளைவில் பெட்டி சாயும்போது அந்த உடைந்த மூலையிலிருந்துதான் கிளம்பும். இவ்வளவையும் பார்க்கக் கால் மணி நேரம் பிடிக்கும்.

"ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டி பரிசோதனைக்குப் போகிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வர்த்தக வண்டிகளுக்கு அந்தப் பரிசோதனை அவசியமானதே. ஆனால் ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 180 நாட்கள் இருக்கின்றன. அந்த 180 நாளும் வண்டியைப் பார்க்கிற கண் டிரைவரின் கண் ஒன்றுதான். பால் வெட்டுகிற நம் தாய்மார்கள் உளியின் கூர்மையைப் பார்க்காமல் மரத்தண்டை போகிறார்களா? உளி மழுங்கியிருந்தால் பட்டை காயப்படும், மரம் கெடும். டிரேலர் கெட்டால் மனிதர் சாவார்கள்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழுதைக் கண்டுபிடித்த டிரைவர் என்ன செய்கிறார்? பட்டறையில் யாரிடமாவது வாயால் சொல்கிறார். அல்லது போனில் சொல்கிறார். "சரி, இந்த ஒரு நடை போய்விட்டு வா, பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நடை நின்றால் சோறு நிற்கும். ஆகவே அவர் போகிறார். மறுநாள் அந்த டிரேலர் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவருக்குப் பழுது தெரியாது. இப்படியே ஒரு நாள் விபத்து வந்தால், "எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்று நிர்வாகம் கை விரித்துவிடும். வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது?

சட்டம் முதலில் யாரைத் தேடி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 2025 மே 13-ந் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி போலீஸ் வண்டியோடு மோதி, கலகத் தடுப்புப் படையினர் ஒன்பது பேர் மாண்டார்கள். சில நாட்களுக்குள் டிரைவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஸ்டியரிங் செயலிழந்ததும், அளவுக்கு மீறிய பாரமும், பராமரிப்பில் இருந்த குறைகளும் விசாரணைக் குழுவின் அறிக்கையில் பின்னர்தான் வந்தன. ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பானால், 2020-ல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. இவ்வளவு பெரிய தண்டனை தலைமேல் தொங்கும்போது, டிரைவரின் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டாமா?

ஆகையால் நான் சொல்வது ஒன்றே. பார்த்ததை எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், டிரேலர் எண், என்ன பழுது, யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்கி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போனில் படம் எடுக்கவும் முடியும், அதையும் செய்யுங்கள்.

கிராணிமார்களே, இங்கே உங்கள் உதவி தேவை. அந்தப் பிராது உங்கள் மேசைக்குத்தான் வரும். அதைப் புத்தகத்தில் பதிந்து, பழுதான டிரேலரின் எண்ணை அடுத்த நடைச் சீட்டில் எழுதாமல் நிறுத்தி வைப்பது உங்கள் பேனாவில் இருக்கிறது. மேலேயிருந்து வற்புறுத்தல் வரும் என்பது எனக்குத் தெரியும். பதிவுப் புத்தகம் சரியாக இருந்தால் நாளைக்கு அது உங்களையும் காப்பாற்றும்.

"எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடுமே" என்ற பயம் நியாயமானது. ஆனால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 1994-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-வது பிரிவு, ஆபத்தில்லாத இயந்திரத்தையும் வேலை முறையையும் கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. 24-வது பிரிவு, தன்னையும் பிறரையும் பாதுகாக்க நியாயமான கவனம் எடுப்பது தொழிலாளியின் கடமை என்கிறது. 27-வது பிரிவு, ஆபத்து என்று தாம் கருதியதைப் பற்றிப் பிராது கொடுத்த ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலை நீக்கவோ, அவருக்குத் தீங்கு செய்யவோ கூடாது என்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 26ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்? உங்கள் எழுத்துப் பிராதுதான் அதைக் காட்டும்.

இந்தச் சண்டை நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கடும் குளிரில் ஒரு டிரைவரின் டிரேலர் பிரேக்குகள் உறைந்து பூட்டிக்கொண்டன. வண்டியின் வெப்பக் கருவியும் வேலை செய்யவில்லை. கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார். உடம்பு மரத்துப் போகவே டிரேலரைக் கழற்றி விட்டுவிட்டு முன்வண்டியோடு கிளம்பி உயிர் தப்பினார். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் விடவில்லை. தொழில் இலாகா அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது; 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழு ஆண்டுகள்! நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் தனியொரு மனிதர் ஏழு ஆண்டு போராடுவது எளிதா? அதற்காகத்தான் சங்கம் வேண்டும் என்கிறோம்.

தோட்டத்திலும் இதே கதைதான், சகோதரிகளே. டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரேலரில் இணைப்பு ஆணிக்குப் பூட்டு முள் இல்லாமல், வளைத்த ஒரு கம்பியைச் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் அந்தக் கம்பி நழுவினால் டிரேலர் பின்னோக்கி உருளும். சாமான் ஏற்றும் டிரேலரில் ஆட்களை ஏற்றுவதே தவறு. கம்பி செருகிய டிரேலரில் ஏற மாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை மூன்று. வண்டியைச் சோதிக்கும் கால் மணி நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். பழுது காரணமாக நடை நின்றால் அன்றைய கூலி குறையக் கூடாது. ஒவ்வொரு டிரேலருக்கும் தனிப் புத்தகம் வேண்டும். அதில் பழைய பழுது சரிசெய்யப்பட்டதாகப் பட்டறைக்காரர் கையெழுத்திட்ட பிறகே அடுத்த டிரைவர் கையில் அது கொடுக்கப்பட வேண்டும். இவை கூட்டு ஒப்பந்தத்தில் ஏறாத வரை, டிரைவரின் கடமையைப் பற்றி மட்டும் பேசுவது அரை நியாயம்.

தோழர்களே, நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு முறை சுற்றி வாருங்கள். குறை இருந்தால் எழுதுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் உங்களோடு வருகிறோம்.