தத்தியானா நாளும் கொழும்பு ஒன்றுகூடலும்



என் அத்தான் அறுபதுகளில் மொஸ்கோவில், பத்திரிஸ் லுமும்பா மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தவர். அவரோடு படித்துத் திரும்பியவர்கள் கொழும்பில் ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள். சின்ன வயதில் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த ஒன்றுகூடல்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே கண்டதன் அருமை வெகுகாலம் கழித்து, ரஷ்ய வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. ஆகவே அந்த வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1755ஆம் ஆண்டு, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜனவரி 12 அன்று, பேரரசி எலிசவெத்தா மொஸ்கோப் பல்கலைக்கழகத்தை நிறுவும் ஆணையில் ஒப்பமிட்டார். அது புனித தத்தியானாவின் திருநாள். ஆணைக்காக முன்னின்ற பிரபு இவான் ஷுவாலொவின் தாயாருக்கும் தத்தியானா என்றே பெயர். அம்மாவின் பெயர்நாளுக்கு மகன் கொடுத்த பரிசுதான் அந்தப் பல்கலைக்கழகம் என்று ரஷ்யர்கள் சொல்வார்கள். திட்டத்துக்கு அறிவு கொடுத்தவர், வடகடலில் மீன்பிடித்த குடியானவரின் மகன் லொமொனோசொவ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தத்தியானா நாள் பழைய மாணவர்களின் பெருநாளாக வளர்ந்தது. காலையில் பல்கலைக்கழகத் தேவாலயத்தில் வழிபாடு, பிறகு சபைக்கூட்டம். பொழுது சாய்ந்ததும் துருப்னயா சதுக்கத்திலிருந்த எர்மித்தாஜ் உணவகத்தை நோக்கிக் கூட்டம் புறப்படும். மொஸ்கோவின் செல்வந்தர்கள் உண்ணும் இடம் அது. அன்று மட்டும் பட்டு இருக்கைகளை அப்புறப்படுத்திவிட்டு, வெறும் மர மேசைகளையும் வாங்குகளையும் போட்டு, தரையில் மரத்தூள் தூவி வைப்பார்கள். பேராசிரியரும் பெயர்பெற்ற வழக்கறிஞரும் தலைநரைத்த வைத்தியரும், கிழிந்த மேலங்கி போட்ட முதலாண்டு மாணவனும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேசைமேல் ஏறி நின்று பேசினார்கள், பாடினார்கள். தள்ளாடி வரும் மாணவரை அன்றிரவு காவலர்கள் பிடிப்பதில்லை.

1917 புரட்சிக்குப் பிறகு தேவாலயம் மூடப்பட்டது, விழாவும் நின்றது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய பட்டதாரிகள் பாரிஸ் போன்ற நகரங்களில், வாடகைக்கு எடுத்த மண்டபங்களில், அதே நாளில் கூடினார்கள். பிறந்த இடத்தில் அணைந்துபோன விளக்கு அகதிகளின் கையில் எரிந்தது. தேவாலயத்தில் மீண்டும் வழிபாடு தொடங்கியது 1995இல்தான். 2005இல் ரஷ்ய அரசு அந்த நாளை, புதிய நாட்காட்டிப்படி ஜனவரி 25ஐ, மாணவர் தினமாக அறிவித்தது.

இனி அத்தானின் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் இளைஞருக்காக 1960 பெப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. கொங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அவர் பெயரைச் சூட்டினார்கள். முதலாண்டு முழுக்க ரஷ்ய மொழிப் படிப்பு. மேற்குலகப் பத்திரிகைகள் அதைப் புரட்சிக்காரரை வார்க்கும் பட்டறை என்றன. அங்கிருந்து நம் நாடுகளுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், விவசாய விஞ்ஞானிகள்.

அங்கே ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் ஒரு சங்கம் உண்டு. அதை 'ஜெம்லியாசெஸ்த்வோ' என்பார்கள்; ஒரே மண்ணைச் சேர்ந்தவர்களின் கூட்டு என்று பொருள். மொஸ்கோவில் இருந்தபோது இலங்கையர் என்று கூடியவர்கள், இலங்கைக்கு வந்தபின் மொஸ்கோக்காரர் என்று கூடினார்கள். மனிதர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரில் கிடைக்காததற்காகத்தான் சங்கம் வைக்கிறார் போலும்.

அத்தானின் ஒன்றுகூடலில் என்ன நடந்தது? 1957இல் மொஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவிலிருந்து உலகெங்கும் பரவிய 'மொஸ்கோப் புறநகர் மாலைகள்' பாட்டை எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். மேசையில் உருளைக்கிழங்கு, கரட், பட்டாணி, அவித்த முட்டை எல்லாம் வெட்டி மயோனைஸில் பிசைந்த சலட் இருக்கும். நாம் ரஷ்யன் சலட் என்போம். அவர்கள் 'ஒலிவியே' என்றார்கள். அந்தப் பெயர் எர்மித்தாஜ் உணவகத்தின் சமையல் வல்லுநர் லூசியன் ஒலிவியேயின் பெயர். மரத்தூள் தூவிய அதே மண்டபத்தில் பிறந்த பண்டம், செல்வந்தரின் தட்டிலிருந்து இறங்கி, சோவியத் விடுதிச் சமையலறைகளைக் கடந்து, கொழும்பில் ஒரு யாழ்ப்பாணத்து வைத்தியரின் தட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

எல்லாவற்றிலும் மேலாக என் மனதில் நிற்பது அவர்கள் பேசிய மொழி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாடு இது. மொழியின் பெயரால் அயலவர் அந்நியரான நாடு. ஆனால் அந்தக் கொழும்பு ஒன்றுகூடலில் காலியைச் சேர்ந்த சிங்களப் பொறியியலாளரும் என் அத்தானும் தோளில் கைபோட்டுக்கொண்டு ரஷ்ய மொழியில் பேசிச் சிரித்தார்கள். சோவியத் நாட்டுக்குள் ரஷ்ய மொழி பிற மொழிகளை அமுக்கியது என்பது உண்மை, அதை மறைக்கமாட்டேன். இவர்கள் இருவருக்கும் அது ஒருவர்மீது மற்றவர் திணிக்காத மொழியாக இருந்தது. இருவரும் இருபது வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், ஒன்றாகவே பிழைவிட்டார்கள். 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பிறகு அந்த நண்பர்களில் தமிழர் பலர் புலம்பெயர்ந்தார்கள். அதற்குப் பிறகும் அத்தானுக்கு அந்தப் பொறியியலாளரிடமிருந்து ஆண்டுதோறும் ரஷ்ய மொழியில் எழுதிய வாழ்த்து மடல் வந்தது.

1992இல் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து லுமும்பாவை எடுத்துவிட்டார்கள். 2023இல் திரும்பச் சேர்த்தார்கள். நடுவே ஓடிய முப்பத்தோராண்டும் நம் ஊர்ப் பழைய மாணவர் 'லுமும்பா' என்றே சொல்லிவந்தார்கள். தத்தியானா நாளுக்குப் பாரிஸ் செய்த காரியத்தை லுமும்பாவின் பெயருக்குக் கொழும்பும் செய்தது. வெளிநாட்டில் கூடும் பழைய மாணவரே பல்கலைக்கழகத்தின் நினைவைச் சுமப்பவர்கள் என்று நான் சொல்வதற்கு இவ்விரண்டுமே சான்று.

இத்தகைய ஒன்றுகூடல்கள் இப்போது பிரமுகர்களின் உரைகளாலும் பொன்னாடைகளாலும் நிரம்பிவிட்டது வருத்தம் தருகிறது. பழையவர் பேச நேரம் கிடைப்பதில்லை. என் அத்தானிடமும் நான் எதையும் கேட்டு எழுதவில்லை. விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் எந்த நாட்டவர் என்றுகூடக் கேட்கவில்லை. இனிக் கேட்கமுடியாது.

1960இல் விமானம் ஏறிய இளைஞர்களுக்கு இன்று எண்பது வயது தாண்டிவிட்டது. மாணவச் செல்வங்களே, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். முதல் பனிக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள், அறைத்தோழரின் பெயரைக் கேளுங்கள், பாடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, தமிழில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.