விற்கப் போகும் காரின் விலை எங்கே குறைகிறது?

(அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கூடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைக் கூட்டத்தில் பழைய கார் விலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் சில வீடுகளின் வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஓட்டியவர் வஃபாத்தாகிவிட்டார். விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் யதீம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. அதனால்தான் பேசுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரியின் கார். ஒரு கீறல் கிடையாது. கணவர் கடனை முழுவதும் அடைத்திருந்தார், ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படவில்லை. ஆர்.சி.யோ மர்ஹூமின் பெயரிலேயே இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம். பார்க்க வந்த மூன்று பேரும் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. பேப்பரைப் பார்த்தே விலையை இறக்கினார்கள்.

உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இத்தா காலமோ நான்கு மாதம் பத்து நாள். அந்தச் சகோதரி வெளியே வருவதற்குள் கெடு போய்விட்டது. அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் செய்ய வேண்டிய வேலை இது. கடன் முடிந்தவர்கள் நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி, உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். வயதுதான் முதல் கணக்கு. இன்சூரன்ஸ்காரர்கள் மதிப்புப் போடும்போது ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம், நான்காண்டு தாண்டினால் 50 சதவீதம் கழிக்கிறார்கள். சந்தை அப்படியே அதைப் பின்பற்றுவதில்லை. உதிரிபாகம் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார் என்றால் விலை நிற்கும். தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் சரியும். முதல் ஓனரா, மூன்றாவதா என்பதும் விலையை மாற்றும்.

வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் விடுமுறைக்கு மட்டும் ஓட்டும் கார்கள் உண்டு. ஆறு வருடத்தில் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். நின்றே இருந்தால் பேட்டரி செத்துவிடும், டயர் வெடிப்பு விடும், எலி வயரைக் கடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. விவரம் தெரிந்தவர் மீட்டருக்கு முன் அதைத்தான் பார்ப்பார். மீட்டரைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்களே! சர்வீஸ் பில்களை வரிசையாக வைத்திருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். விற்கிறவர்கள் விபத்தோ வெள்ளமோ நேர்ந்திருந்தால் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது என்பதைச் சிறு வயதிலேயே ஓதிவிட்டோம்.

நாமும் ஒரு தவறு செய்தோம். அறக்கட்டளையின் பழைய வேனை விற்குமுன் முழுவதும் பெயிண்ட் அடித்தோம். செலவு 18,000 ரூபாய். வந்தவர்கள், "எதை மறைக்க இந்தப் பெயிண்ட்?" என்றே கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் காட்டப் பழைய பில்லும் இல்லை. போட்ட பணம் திரும்பவில்லை. உயர்ந்த மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போடும் இளைஞர்களும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரிக்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இன்சூரன்ஸைப் புதுப்பித்து, பெயர் மாற்றியே காரை விற்றோம். முதலில் கேட்டதைவிட 55,000 ரூபாய் கூடுதலாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டியது.

இதே நிலையில் உள்ள குடும்பங்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ், இறப்புச் சான்றிதழ் நகல்களோடு யாரையாவது அனுப்புங்கள். மஃரிபுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். படிவங்களை நாமே நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.